ரெண்டு மிஸ்டு கால்

முதல் அதிர்வு ஒன்பது ஐம்பதுக்கு வந்தது. மடியில் கவிழ்த்து வைத்திருந்த போன் ஒருதரம் உறுமிவிட்டு அடங்கியதும், எடுத்துப் பார்க்காமலே வசந்தாமணிக்கு முகம் இளகிவிட்டது. பிள்ளை நல்லா இருக்கான். தினமும் காலை பத்து மணிக்குள் வருகிற ஒற்றை மிஸ்டு கால், ஒன்பது நாளாகத் தவறாமல் வருகிறது, இன்றைக்கும் வந்துவிட்டது, இனி டாக்டரம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாடி அறையில் மாதக் கூட்டம். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கிராமச் செவிலியரின் பெயருக்கு எதிரேயும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். யார் எந்தக் கர்ப்பிணியின் விவரத்தை ஆப்பில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்பதைக் கட்டத்தின் நிறமே காட்டிக் கொடுத்துவிடும். அவள் பெயருக்கு எதிரே மூன்று சிவப்பு. சிவப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது, மூன்று பேருமே தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனவர்கள், ஊரிலேயே இல்லாதவளின் ரத்த அழுத்தத்தை எந்தக் கையில் பார்ப்பது, ஆப்பை எழுதின புண்ணியவானுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லை போலிருக்கிறது. இப்படி மனசுக்குள் வாயாடிக்கொண்டிருந்தபோது மடியில் போன் மறுபடி உறுமியது. ஒருதரம் உறுமி அடங்கியது. திருப்பிப் பார்த்தாள். மௌனிகா, தென்னந்தோப்பு. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரெண்டு. முதல் அழைப்புக்கும் இதற்கும் நடுவே ஒரு நிமிஷம்கூட இல்லை.

கை தவறிப் பட்டிருக்கும். பட்டிருக்கலாம். பட்டன் போன் அது, கை தவறினால் எப்படிப் படும், எண்ணை அமுக்கி, பச்சை பட்டனை அமுக்கி, ஒரு மணி அடித்ததும் சிவப்பை அமுக்க வேண்டும். இத்தனையும் தவறுதலாகவா நடக்கும். எழுந்து வராந்தாவுக்கு வந்து திருப்பிக் கூப்பிட்டபோது, நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்று அந்தப் பெண் வழக்கம்போல நிதானமாகச் சொன்னாள். அவளுக்கு என்ன, எந்த வீடு பற்றி எரிந்தாலும் அதே குரல்தான். எல்லைக்கு வெளியேதான் இருக்கும், அது தெரிந்த கதை. தோப்புக்குள் இருக்கிற அந்தச் சாளை வீட்டில் டவர் கிடையாது. மௌனிகா ஒவ்வொரு காலையும் பிள்ளையை மாரோடு கட்டிக்கொண்டு, மேடேறித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவாள். பேசினாலும் விட்டு விட்டுத்தான் கேட்கும், அதனால்தான் இந்த ஏற்பாடே. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி அதே பெண். டாக்டரம்மாவின் காதருகே குனிந்து சொன்னாள், ஒன்றுக்குப் பதில் ரெண்டு மிஸ்டு கால் வந்திருக்கிறது, எடை குறைந்த பிள்ளை, தனி வீடு, புருஷன் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு லாரியோடு போயிருக்கிறான், அக்கம்பக்கம் ஆள் கிடையாது. டாக்டரம்மா கட்டங்களை மறந்து கூட்டத்தை நிறுத்திவிட்டார். ஜீப் தடுப்பூசி முகாமுக்குப் போயிருக்கிறது, திரும்பினதும் பின்னாலேயே அனுப்புகிறேன், நீங்கள் பத்து மணி பஸ்ஸைப் பிடியுங்கள், பார்த்த உடனே எனக்குச் சொல்லுங்கள் என்றார். அவளுடைய ஸ்கூட்டி இரண்டு நாளாக மெக்கானிக் கடையில் கிடந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி ஏறினாள், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ், ஜன்னலோர இருக்கை, பதினான்கு கிலோமீட்டர்.

என்ன சொல்லி வைத்தேன் அவளிடம், சரியாக என்ன சொன்னேன். வண்டி நகர்ந்ததும் முதலில் அதுதான் வந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவு, கடைசிக் கட்டில், வெள்ளை டைல்ஸில் வெயில். ஆறு வாரம் முந்திக்கொண்டு வந்த பயல், பிறந்தபோது ஆயிரத்து எழுநூற்றைம்பது கிராம், வீட்டுக்கு அனுப்பும்போது ஆயிரத்துத் தொள்ளாயிரம். தலை மட்டும் ஒரு சாத்துக்குடி அளவு. உறிஞ்சத் தெரியவில்லை அவனுக்கு, மாரில் வைத்தால் வாயைத் திறப்பான், இரண்டு தரம் சப்புவான், களைத்துத் தூங்கிப்போவான். பாலைப் பீய்ச்சிப் பாலாடைக் கிண்ணத்தில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக உதட்டோரம் விட வேண்டும், ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். மௌனிகா அலுத்துக்கொண்டதே இல்லை. இருபத்தொரு வயசு, இரண்டு கன்னத்திலும் பரு இன்னும் ஆறவில்லை, விரும்பினவனைக் கட்டிக்கொண்டு வந்ததற்காகப் பெற்றவர்கள் தலைமுழுகிவிட்டார்கள், பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தும் அந்தப் பக்கமிருந்து ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. துணியில்லாத பிள்ளையை அவளுடைய வெறும் மாரில் தவளை மாதிரி ஒட்ட வைத்துச் சேலையால் சுற்றிக் கட்டிவிட்டது வசந்தாமணிதான். உன்ற சூடுதான் கண்ணு இவனுக்கு மருந்து, இறக்கியே உடாதே என்றாள். போனை எடுத்துப் பயிற்சியில் கொடுத்த பட்டியலைத் திறந்து வரி வரியாக வாசித்தாள், பால் குடிக்காமல் இருந்தால், உள்ளங்கால் சில்லிட்டிருந்தால், உடம்பு மஞ்சளாக இருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால். ஆமாங் ஆமாங் என்று கேட்டுக்கொண்டாள் பெண். தலைப்பு என்று ஒன்று இருந்தது அந்தப் பட்டியலுக்கு. ஆபத்தான அறிகுறிகள். அதை வாசித்தேனா. வாசிக்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் படித்துப் படித்துச் சொன்னார், ஆபத்து என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள், பூசி மெழுகாதீர்கள் என்று. சொல்லியிருக்கலாம். பிறந்து பதினாறே நாளான பிள்ளை, தலையில் கை வைத்தால் உச்சிக்குழி துடிப்பது தெரிகிறது, அவன் காது கேட்க அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது, நாக்கு வளையவில்லை. இருபத்திரண்டு வருஷ நர்ஸ், தாலி கட்டின நாளிலிருந்து வேலைக்கு வருகிறாள், இன்னும் ஊர்க்காரியாகத்தான் இருக்கிறாள் உள்ளுக்குள். ஒண்ணு உட்டா நல்லா இருக்கான்னு அர்த்தம் அம்மிணி, ரெண்டு உட்டா நான் வரோணும்னு அர்த்தம். இதுதான் சொன்னது. அவளும் தலையை ஆட்டினாள். போதாதா, போதும், அவள் விவரமான பெண், பத்தாவதில் நானூற்றுப் பத்து மார்க் எடுத்தவள், புரிந்துதானே ஒன்பது நாள் ஒற்றையாக விட்டாள், புரிந்துதானே இன்றைக்கு ரெண்டு விட்டிருக்கிறாள். புரிந்திருக்கிறது என்பதுதான் இப்போது பயம்.

பஸ் நூல் மில் வாசலில் நின்றது. ஏறின பெண்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள், ஒருத்தி டிபன் பாக்ஸை அவள் மடிமேல் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், இதைச் சித்த வெச்சுக்குங்க என்று சொல்வதற்கு முன்னாலேயே வைத்துவிட்டாள், டப்பாவில் இன்னும் சூடு. இந்தச் சூடு இருந்தால் போதும். உள்ளங்கால் இந்தச் சூடு இருக்க வேண்டும். போன வருஷம் அந்தக் குழந்தையின் கால். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், சோளத்தட்டு, வேலி, வேலிக்குள் நாலைந்து செம்மறி, அதற்குள் அது வந்துவிட்டது. இப்படித்தான் அது, வாசலில் நிற்க வைத்தால் கொல்லைப்பக்கமாக வரும். போன வருஷம் ஆவணியில், இன்னொரு ஊர், இன்னொரு பிள்ளை, பெண் பிள்ளை. ஆப் கேட்டது, குழந்தை தாய்ப்பால் குடிக்கிறதா, ஆம், இல்லை. அன்றைக்கு நாலு ஊர் தடுப்பூசி, நேரில் போக முடியவில்லை, போன் செய்தாள். ஆம்பளைக் குரல் எடுத்தது, மாமனார். குழந்தை பால் குடிக்குதுங்களா. குடிக்குதுங், நல்லாக் குடிக்குதுங். ஆம் என்பதில் விரலை வைத்தாள், கட்டம் பச்சையாகிவிட்டது, எவ்வளவு அழகான பச்சை, கூட்டத்தில்கூட அன்றைக்கு அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் போனபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். குடித்தது சர்க்கரைத் தண்ணீர். அந்த வீட்டில் போன் மாமனாரின் சட்டைப் பையில்தான் இருக்கும், பெற்றவள் உள் அறையில் படுத்திருந்தாள், அவளை யாரும் கேட்கவில்லை, வசந்தாமணியும் கேட்கவில்லை. யாரும் வசந்தாமணியைக் குற்றம் சொல்லவில்லை, பெற்றவள்கூட, வாங்க சிஸ்டர் என்றுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள், ஏன் தொட்டேன், எல்லாம் முடிந்த பிறகு தொட்டு என்ன ஆகப்போகிறது, கை அதுவாகப் போனது. அதற்கப்புறம்தான் இந்த மிஸ்டு கால். கேள்வியும் வேண்டாம், ஆம் இல்லை வேண்டாம், மாமனார் வேண்டாம், பெற்றவள் கையாலேயே ஒரு மணி. சின்னப் பிள்ளைக்காரிகளுக்கு மட்டும் இது, ஆப்புக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். இதுவரை ஆறு பேர் அப்படி அடித்திருக்கிறார்கள், ஆறு பேரும் ஒற்றையாகவே அடித்து அடித்துப் பிள்ளையை வளர்த்துவிட்டார்கள். ரெண்டு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

என்னவாக இருக்கும். பால் புரையேறியிருக்கும், பாலாடையைக் கொஞ்சம் வேகமாகச் சாய்த்திருப்பாள், முந்தின ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள் பாவம். புரையேறினால் குப்புறப் போட்டு முதுகைத் தட்டச் சொல்லியிருக்கிறேன், செய்து காட்டியிருக்கிறேன், செய்திருப்பாள். சில்லிட்டிருக்குமோ, மார்கழிக் குளிர் தோப்புக்குள் ஒன்பது மணிவரை நிற்கும், ஓட்டுச் சாளை, சந்தெல்லாம் காற்று வரும், ஆனால் மாரோடு கட்டித்தானே வைத்திருப்பாள், கட்டியிருந்தால் குளிராது, குளிக்கப் போகும்போது இறக்கியிருந்தால். மஞ்சளாக இருக்குமோ. மஞ்சள் என்றால் நேற்றே தெரிந்திருக்கும். இல்லை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அவளுக்குத்தான் காய்ச்சல், மாரில் பால் கட்டிக்கொண்டிருக்கும், அதுவாகத்தான் இருக்கும், அதுவாக இருந்துவிட்டால் மாத்திரை பையிலேயே இருக்கிறது. ஒரு தாய்க்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிற நர்ஸ் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருப்போம் என்று நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. டிபன் பாக்ஸ்காரி என்னமோ கேட்டாள். சிஸ்டர் மாதிரி தெரியுது, எந்த ஊருக்குப் போறீங்க என்று. தோப்பு ஸ்டாப்பிங் என்றாள் இவள். அங்கே வீடே இல்லீங்களே என்றாள் அவள். ஒரு வீடு இருக்கிறது. ஒரே ஒரு வீடு. போன் உறுமியது, வெடுக்கென்று எடுத்துப் பார்த்தாள், ஆப்தான், மூன்று பதிவுகள் நிலுவையில் உள்ளன என்று நினைவூட்டியது. எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பாவம், அது என்ன செய்யும், எத்தனையோ தரம் அதுதான் காப்பாற்றியிருக்கிறது, ஏழாம் மாசத்தில் ரத்தம் குறைந்து கிடந்த பெண்ணை அதுதான் சிவப்பாகக் காட்டியது, ஊசித் தேதியை அதுதான் நினைவு வைத்திருக்கிறது. அதனிடம் கேட்கிறபடி கேட்டால் சொல்லும். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் காலையில் அனுப்பின கட்டைவிரல் படமும் அதே திரையில் இருந்தது, தினம் ஒரு கட்டைவிரல், சாப்பிட்டேன், இருக்கிறேன், தொந்தரவு செய்யாதே, எல்லாம் அந்த ஒரு விரலுக்குள். அம்மாவாக இருந்தால் அதற்குமேல் கேட்க முடிவதில்லை. மறுபடி மௌனிகாவின் எண்ணை அமுக்கினாள், எல்லைக்கு வெளியே.

இறங்கினதும் ஓடக்கூடாது என்று நினைத்தாள், ஓடினால் அது உறுதியாகிவிடும் என்று ஒரு கிறுக்கு. வேகமாக நடந்தாள். வாய்க்கால் கரை, உரிமட்டைக் குவியல், மேட்டில் தண்ணீர்த் தொட்டி. அதன் நிழலில் ஈர மண்ணில் வெறுங்கால் தடம், சின்னத் தடம், வந்ததும் இருக்கிறது, போனதும் இருக்கிறது. போன தடம் ஓடின தடமா நடந்த தடமா என்று குனிந்து பார்த்தாள், போலீஸ்காரி மாதிரி, ஒன்றும் விளங்கவில்லை. அழுகைச் சத்தம் கேட்கிறதா. கேட்கவில்லை. குழந்தை அழவில்லை என்றால் தூங்குகிறான். அழ முடியாமல் கிடந்தாலும் சத்தம் வராது. ஒருவேளை அவள் அழுதுகொண்டிருந்தால் இந்நேரம் காது கேட்டிருக்கும். அந்த ஆவணி வீட்டில் தூரத்திலேயே கேட்டது. இங்கே கேட்கவில்லை, தென்னங்கீற்றுதான் அசைகிறது. சாமி, இந்தப் பயல் எனக்கு வேண்டும், எனக்கு என்று கேட்கிறேன், அவளுக்காகக் கேட்பதாகப் பொய் சொல்ல மாட்டேன், இன்னொரு காலை இந்தக் கை தொட்டுப் பார்க்க முடியாது. அப்போது அவள் ஓடிக்கொண்டிருந்தாள், எந்த இடத்தில் ஓட ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. பை இடுப்பில் மோத மோத, ஒரு செருப்பு பின்னால் எங்கேயோ நின்றுவிட்டது.

சாளைக் கதவு திறந்தே இருந்தது. மௌனிகா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள், சேலைக்குள் பிள்ளை, தலை மட்டும் தெரிந்தது. இவளைப் பார்த்ததும் எழுந்திருக்காமல், அசையாமல், ஒரு விரலை உதட்டில் வைத்தாள். வசந்தாமணி அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்து, சேலைக்குள் கையை விட்டு உள்ளங்காலைத் தேடிப் பிடித்தாள். சூடு. அவள் கையைவிடச் சூடாக இருந்தது. மூச்சைப் பார்த்தாள், மார் ஏறி இறங்குவதைப் பார்த்தாள், கண்ணின் வெள்ளையைப் பார்க்கக் குனிந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். சப்பி, சப்பி, ஒரு மடக்கு. சப்பி, சப்பி, இன்னொரு மடக்கு. பாலாடை கழுவிக் கவிழ்த்தபடி ஓரத்தில் கிடந்தது. மௌனிகாவுக்குச் சிரிப்பும் தாங்கவில்லை, பேசினால் பிள்ளை விட்டுவிடுவானோ என்ற பயமும் தாங்கவில்லை, கிசுகிசுவென்றுதான் சொன்னாள்.

“காலைல ஒன்பது மணிக்கு அவனாப் புடிச்சானுங் சிஸ்டர். உடவே இல்லீங். குடிச்சு முடிச்சுத் தூங்கி, இப்பத்தான் மறுக்காப் புடிச்சான்.”

“என்ன ஆச்சு, எதுக்கு ரெண்டு உட்டே?” மூச்சு வாங்கியதில் குரல் உடைந்து வந்தது.

மௌனிகா விழித்தாள். அவள் கண்ணில் குற்றமே இல்லை. “நீங்க வரோணும்னா ரெண்டு உடுன்னு நீங்கதானுங் சொன்னீங்க. எனக்கு நீங்க வரோணும்போல இருந்துச்சுங். இதக் கூப்புட்டுக் காட்டறதுக்கு எனக்கு வேற யாருங் இருக்கறாங்க?”

வசந்தாமணிக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. பதினான்கு கிலோமீட்டரும் அவள் செத்துச் செத்து வந்ததை, ஜீப் பின்னால் வருவதை, டாக்டரம்மா கூட்டத்தை நிறுத்தியதை, எல்லாவற்றையும் இந்தப் பரு முகத்தின் மேல் கொட்ட வேண்டும்போல இருந்தது. திட்ட ஆளே இல்லை. அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கியது யார். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே அவள் பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள், பிள்ளையின் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவன் என்னமோ முக்கியமான வேலையில் இருக்கிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு குடித்தான். நிறுத்தினான். சித்த நேரம் யோசித்தான். மறுபடி இழுத்தான். டாக்டரம்மாவுக்குச் சொல்லத் தொட்டி மேட்டுக்குப் போக வேண்டும், ஜீப்பைத் திருப்ப வேண்டும், இதோ போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருந்தது. அவன் தலைமேல் கையை வைத்தாள், உச்சிக்குழி அவள் உள்ளங்கைக்குள் துடித்தது.

“கண்ணு, நல்லாக் கேட்டுக்க. பால் குடிக்கலீன்னா, கால் சில்லுன்னு ஆச்சுன்னா, மூச்சு வாங்குச்சுன்னா, உடம்பு மஞ்சளாத் தெரிஞ்சுதுன்னா, அதெல்லாம் ஆபத்து. இவன் உசுருக்கு ஆபத்து. அதுக்கு மூணு உடோணும். மூணு.”

சொல் வெளியே வந்துவிட்டது, பிள்ளை காதிலேயே விழுந்துவிட்டது, அவன் நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தான். மௌனிகா மூணு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, அப்ப ரெண்டு இனி உடக்கூடாதுங்களா என்று கேட்டாள், கேட்டபோது முகம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

“உடு,” என்றாள் வசந்தாமணி. “வரோணும்போல இருந்தா ரெண்டு உடு. நான் வரேன்.”